‘தமிழ்’ என்ற சொல்லின் நீளம் என்ன?

"தமிழ்" என்ற சொல்லை ஒரு மாறியில் போட்டு அதன் நீளத்தைக் கேட்டுப் பாருங்கள். கோ என்ற நிரல் மொழியின் ‘லென்’ 15 என்று சொல்லும். ரஸ்ட்டின் ‘லென்’னும் அதே 15. ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட், இன்றைய பைத்தான் எல்லாம் 5 என்கின்றன. ஸ்விஃப்ட்டின் ‘கவுன்ட்’டும் எலிக்ஸிரின் ‘லெங்த்’தும் 3. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை விரல் மடக்கிச் சொல்லும் விடையும் 3தான். இவற்றில் ஒன்றுகூடப் பிழையான விடை இல்லை. ஒவ்வொரு மொழியும் ‘நீளம்’ என்ற பெயரில் வேறு எதையோ எண்ணுகிறது.

நிரல் எழுதுபவர்களுக்குத் தெரியாத சொல் பெரிய தொல்லை தருவதில்லை. ‘மோனாட்’ என்று பார்த்தால் உடனே தேடிப் படித்துவிடுவோம். கேரக்டர், லெங்த், மாட், வேர்ட், மேட்ச், ரிவர்ட் போன்றவைதான் ஆபத்து. ஒரு மொழியில் கற்றுக்கொண்ட பொருளோடு அடுத்த மொழிக்குள் நுழைகிறோம். கம்பைலர் தடுக்காது, முதல் பத்து சோதனைகளும் தேறிவிடும். பிறகு எங்கோ ஒரு பயனர் தன் பெயரைத் தமிழில் தட்டும்போது உடைகிறது.

மேலே சொன்ன மூன்று எண்களையும் பிரித்துப் பார்ப்போம். ‘த’ தனியாக நிற்கிறது. ‘மி’ என்பது, உலகத்து எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் யூனிகோட் தரநிலையில், ‘ம’ ஒன்று, இகரக் குறி ஒன்று. ‘ழ்’ என்பது ‘ழ’ ஒன்று, புள்ளி ஒன்று. ஆக 5 கோட் பாயிண்ட், அதாவது தனி எண் பெற்ற 5 குறிகள். கோட் பாயிண்டுகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில், நாம் அன்றாடம் எழுதும் ஒவ்வொரு தமிழ்க் கோட் பாயிண்டுக்கும் 3 பைட் பிடிக்கும். 5 பெருக்கல் 3, அந்த 15 வந்துவிட்டது. கண்ணுக்கு எழுத்தாகத் தெரிவது த, மி, ழ் என்று மூன்று. இதை யூனிகோட் ‘கிராஃபீம் கிளஸ்டர்’ என்கிறது. பிஎச்பி-யில் இந்த மூன்று கணக்குக்கும் மூன்று தனித்தனி ஃபங்க்‌ஷன்கள் உண்டு: வெறும் ‘ஸ்டர்லென்’ 15 தரும், ‘எம்பி’ என்று தொடங்குவது 5 தரும், ‘கிராஃபீம்’ என்று தொடங்குவது 3 தரும். பிஎச்பி-யைக் குறை சொல்பவர்கள் அதிகம். இந்த ஒரு விஷயத்தில் அது நேர்மையாக இருக்கிறது என்பேன்.

கேரக்டர் என்ற பெயரில் எத்தனை பேர்

சி மொழியின் ‘சார்’ வகை உண்மையில் ஒரு பைட்தான். அது கழித்தல் குறி உள்ள (சைன்ட்) எண்ணா, இல்லாத (அன்சைன்ட்) எண்ணா என்பதைக்கூட சி தரநிலை முடிவு செய்யவில்லை, கம்பைலரிடமே விட்டுவிட்டது. இன்டெல் வகைச் சிப்பான எக்ஸ்86-இல் ஓடும் லினக்ஸில் ஜிசிசி கம்பைலர் அதைக் குறி உள்ளதாக வைத்துக்கொள்கிறது. ஏஆர்எம் சிப்பில் ஓடும் லினக்ஸில் குறி இல்லாதது. ‘த’ என்ற எழுத்தின் மூன்று பைட்டுகள் 224, 174, 164. எக்ஸ்86-இல் இதே பைட்டுகளை ‘சார்’ ஆக அச்சிட்டால் -32, -82, -92 என்று வரும். இந்த எண்ணை அப்படியே ஓர் அட்டவணையின் இடக்குறியாகக் கொடுத்தால் அட்டவணைக்கு முன்னால் இருக்கும் நினைவகத்தை வாசிக்கும். எழுத்தா என்று கேட்கும் ‘இஸ்ஆல்ஃபா’விடம் கொடுத்தால் என்ன நடக்கும் என்று தரநிலையே உத்தரவாதம் தருவதில்லை. ஆங்கில எழுத்துகள் எல்லாம் 127-க்குள் அடங்கிவிடுவதால் இந்தக் குறை ஆங்கில உரையில் தலைகாட்டவே காட்டாது. மருந்து எளிது: அந்த ஃபங்க்‌ஷன்களுக்குக் கொடுக்கும் முன் ‘அன்சைன்ட் சார்’ ஆக மாற்றுங்கள். ‘கெட்சார்’ தருவதை வாங்கும் மாறி ‘இன்ட்’ ஆகவே இருக்கட்டும். அதை ‘சார்’ ஆக வைத்தால் ஏஆர்எம் லினக்ஸில் கோப்பின் முடிவைக் குறிக்கும் -1 ஒருநாளும் பொருந்தாது, சுழல் முடியவே முடியாது. எக்ஸ்86-இல் நேர்மாறு: 255 என்ற பைட் நடுவில் வந்தால் கோப்பே முடிந்துவிட்டதாக நினைத்து நின்றுவிடும்.

ஜாவாவின் ‘சார்’ 16 பிட். 1996-இல் ஜாவா வெளிவந்த காலத்தில் உலகத்து எழுத்தெல்லாம் 65,536 இடங்களுக்குள் அடங்கும் என்ற நம்பிக்கை இருந்தது. யூனிகோட் அந்த எல்லையைத் தாண்டியபின் ஜாவாவின் ‘சார்’ பாதி எழுத்தாகவும் இருக்க நேர்ந்தது. தமிழுக்கு இது பெரும்பாலும் தெரியாது, நம் எழுத்துகள் எல்லைக்குள்ளேயே இருக்கின்றன. ஆனால் 2019-இல் வந்த யூனிகோட் 12.0, பழந்தமிழ்ப் பின்னக் குறிகளைத் தமிழுக்கான துணைத் தொகுதியில் சேர்த்தது. 1/320-ஐக் குறிக்கும் முந்திரி அதில் முதல் இடத்தில் இருக்கிறது. இந்த ஒற்றைக் குறிக்கு ஜாவாவும் ஜாவாஸ்கிரிப்ட்டும் 2 என்று நீளம் சொல்லும். அதை நடுவில் வெட்டினால் இரண்டு உடைந்த பாதிகள் மிஞ்சும்.

ரஸ்ட்டிலும் ‘சார்’ என்றுதான் பெயர், ஆனால் அது 4 பைட் அகலமுள்ள முழுக் கோட் பாயிண்ட். கோ மொழி அதை ‘ரூன்’ என்று வேறு பெயரில் அழைக்கிறது. ஸ்விஃப்ட்டின் ‘கேரக்டர்’ என்பது கிராஃபீம். ஒரே சொல்லுக்கு பைட், அரை எழுத்து, குறி, முழு எழுத்து என நான்கு பொருள்.

கோட் பாயிண்ட் அளவில் ஒரு சரத்தை (ஸ்ட்ரிங்) திருப்பிப் போட்டால் என்ன ஆகிறது என்று பாருங்கள். நேர்முகத் தேர்வுகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது. த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்ற வரிசை தலைகீழாகிறது. முதலில் ஒட்டிக்கொள்ள எழுத்தில்லாமல் புள்ளி ஒரு வெற்று வட்டத்தின் மேல் நிற்கும். அடுத்து ‘ழ’, அதன் பின்னால் வரும் இகரக் குறி அதோடு ஒட்டி ‘ழி’ ஆகிவிடும். பிறகு ம, த. ‘மி’யின் உயிர் ‘ழ’வுக்குப் போய்விட்டது. ஆங்கிலத்தில் சரியாக ஓடும் அதே ஒற்றை வரி, தமிழில் எழுத்தையே மாற்றிவிடுகிறது.

கிராஃபீம் என்பதும் தமிழ் எழுத்துக்குச் சமம் என்று எண்ணிவிடக்கூடாது. ‘க்ஷ’ நமக்கு ஒரே எழுத்தாகத் தெரிகிறது. ஸ்விஃப்ட் அதை 2 என்று எண்ணும். ‘ஸ்ரீ’யும் அப்படியே 2. தேவநாகரி, மலையாளம் போன்றவற்றின் கூட்டெழுத்துகளைப் பிரிக்காமல் வைக்கும் விதி யூனிகோட் 15.1-இல் வந்தது, தமிழ் அந்தப் பட்டியலில் இல்லை. புள்ளி வைத்த மெய்யைத் தனி எழுத்தாகவே நாம் எண்ணுவதால் பொதுவாக அது சரியான முடிவு. ‘க்ஷ’, ‘ஸ்ரீ’ இரண்டும்தான் விதிவிலக்கு. கர்சர் நகர்வு, சொல் விளையாட்டு, எழுத்து எண்ணிக்கை போன்றவற்றை எழுதுபவர்கள் இந்த இரண்டையும் கையால்தான் கவனிக்க வேண்டும்.

தரவுத்தளத்தில் 30 என்றால் எத்தனை

‘சுப்பிரமணியன்’ என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். சு, ப், பி, ர, ம, ணி, ய, ன் என்று 8 எழுத்து. கோட் பாயிண்ட் 13. பைட் 39. இதை 30 அகலமுள்ள ‘வார்சார்’ பத்தியில் (அட்டவணையின் நெடுவரிசையில்) இட முடியுமா?

ஆரக்கிளில் ‘வார்சார்2’ பக்கத்தில் வெறும் 30 என்று எழுதினால், அமைப்பு மாற்றப்படாதவரை, அது 30 பைட். 39 பைட் நுழையாது, ஓஆர்ஏ-12899 பிழை வரும். 30 என்பதன் பக்கத்தில் ‘சார்’ என்று சேர்த்து எழுதினால் கோட் பாயிண்ட் கணக்குக்கு மாறும். அப்போதும் பைட் உச்சவரம்பு நீங்காது: வழக்கமான அமைப்பில் பத்தி 4000 பைட்டைத் தாண்டாது. 4000 ‘சார்’ என்று அறிவித்துவிட்டு நிம்மதியாக இருந்தால், தமிழில் 1333 குறியோடு கதவு அடைபடும்.

போஸ்ட்கிரஸும் மைஎஸ்க்யூஎல்-உம் 30 என்பதைக் கோட் பாயிண்ட் என்றே கொள்கின்றன. பெயர் உள்ளே போய்விடும். ஆனால் மைஎஸ்க்யூஎல்-இல் இன்னொரு சொல் காத்திருக்கிறது. அங்கே நெடுங்காலமாக ‘யூடிஎஃப்8’ என்று பெயரிடப்பட்டிருந்தது 3 பைட்டுக்கு மேல் ஏற்காத குறைவடிவம். முழு வடிவத்தின் பெயர் ‘யூடிஎஃப்8எம்பி4’. தமிழின் அன்றாட எழுத்துகள் சரியாக 3 பைட் என்பதால், தமிழை வைத்துச் சோதித்தவர்களுக்கு எல்லாம் ஒழுங்காகவே தெரியும். பயனர் ஓர் இமோஜியோ முந்திரிக் குறியோ இட்டவுடன்தான் பிழை. புதிதாகத் தொடங்கும் எதற்கும் ‘எம்பி4’ என்று வெளிப்படையாக எழுதுங்கள்.

எஸ்க்யூஎல் சர்வரில் ‘வார்சார்’ வேண்டாம், ‘என்வார்சார்’ வேண்டும். பத்தியை மாற்றினால் மட்டும் போதாது. வினவலில் நேரடியாக எழுதும் சரத்தின் முன்னும் அந்த ‘என்’ முன்னொட்டு வேண்டும். அது இல்லாவிட்டால் வழக்கமான கொலேஷனில் (எழுத்துகளைச் சேமித்து வரிசைப்படுத்தும் அமைப்பில்) பெயர் முழுவதும் கேள்விக்குறிகளாகச் சேமிக்கப்படும். ஒருமுறை சேமித்த கேள்விக்குறியை மீட்க வழியே இல்லை, மூலத் தரவு போய்விட்டது.

இதே சிக்கல் குறுஞ்செய்தியிலும் உண்டு. ஒரு எஸ்எம்எஸ் என்பது 140 பைட். ஆங்கிலத்தில் எழுத்துக்கு 7 பிட் வைத்து 160 வருகிறது. தமிழில் குறிக்கு 16 பிட், ஆக 70. அந்த 70-உம் கோட் பாயிண்ட் கணக்கு. சுப்பிரமணியன் விகிதத்தில் பார்த்தால் சுமார் 43 எழுத்து. செய்தி நீண்டு பல துண்டானால் துண்டுக்கு 67 மட்டுமே. 160 எழுத்து ஆங்கிலச் செய்தியின் நடுவே ஒரே ஒரு தமிழ் எழுத்து வந்தாலும் முழுச் செய்தியும் 16 பிட்டுக்கு மாறி மூன்று துண்டாகிவிடும். கட்டணமும் மூன்று மடங்கு. மொத்தமாகச் செய்தி அனுப்பும் மென்பொருளில் ‘மீதமுள்ள எழுத்துகள்’ என்று காட்டும் பெட்டியை எழுதுபவர்கள் இதைத் தெரிந்திருக்க வேண்டும்.

மாறியின் பெயரிலேயே அலகைச் சேர்ப்பது நல்ல வழக்கம். ‘பெயர்_நீளம்’ என்று வைக்காமல் ‘பெயர்_பைட்’, ‘பெயர்_குறி’ என்று வையுங்கள். ஏபிஐ ஆவணத்தில் ‘அதிகபட்சம் 30 எழுத்து’ என்ற வரி எங்கே கண்டாலும், எதில் 30 என்று அங்கேயே எழுதிவிடுங்கள்.

‘லெட்டர்’ அல்லாத நம் உயிர்க்குறிகள்

படிவங்களில் ‘எழுத்து மட்டும்’ என்ற சோதனை பரவலாக இருக்கிறது. உரையில் வடிவங்களைத் தேட உதவும் ரெகுலர் எக்ஸ்பிரஷனில் சொல்லெழுத்தைக் குறிக்கும் பேக்ஸ்லாஷ் டபிள்யூ, ஜாவாஸ்கிரிப்ட்டில் ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு மட்டுமே. பைத்தானில் யூனிகோட் எழுத்துகளையும் ஏற்கும் என்று ஆவணம் சொல்வதை நம்பி, "தமிழ்" என்ற சொல்லில் அதை ஓட்டினால் ‘தம’, ‘ழ’ என்று இரண்டு சொல் வரும். இகரக் குறியும் புள்ளியும் யூனிகோடில் ‘லெட்டர்’ வகையில் இல்லை, ‘மார்க்’ வகையில் இருக்கின்றன. பைத்தானின் ‘ரீ’ நிரலகம் அவற்றைச் சொல்லின் பகுதியாக எண்ணுவதில்லை. தமிழ்ச் சொல் எண்ணிக்கைகளை இப்படி எடுத்தால் அத்தனையும் தப்பு. தனியே நிறுவக்கூடிய ‘ரீஜெக்ஸ்’ நிரலகம் மார்க்குகளையும் சேர்த்துக்கொள்கிறது. யூனிகோட் வகைகளை நேரடியாக எழுத வாய்ப்புள்ள மொழிகளில் ‘லெட்டர்’ வகை மட்டும் போடாமல், ‘லெட்டர்’ அல்லது ‘மார்க்’ என்று இரண்டையும் போடுங்கள். ‘லெட்டர்’ மட்டும் போட்டால் ‘கனகா’கூடத் தேறமாட்டார், கடைசியில் நிற்கும் துணைக்கால் ஒரு மார்க்.

இதே வரையறை கோ மொழியிலும் வந்து நிற்கிறது. அதன் விதிப்படி மாறியின் பெயரில் ‘லெட்டர்’, எண், அடிக்கோடு மட்டுமே வரலாம். ‘வட’ என்று மாறிக்குப் பெயர் வைக்கலாம், ‘மழை’ என்று வைக்க முடியாது. பைத்தானும் ஜாவாவும் ‘மழை’யை ஏற்கும். கோ மொழியில் வேறு பொட்டலங்களுக்கு (பேக்கேஜ்) தெரிய வேண்டிய பெயர் பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும் என்றும் விதி; பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பேதமே இல்லாத தமிழுக்கு அங்கே இடமே இல்லை. யாரும் தமிழை ஒதுக்க நினைத்துச் செய்ததல்ல இது. ‘லெட்டர்’ என்ற சொல்லுக்கு லத்தீன் எழுத்தை மனத்தில் வைத்து எழுதிய வரையறை இப்படித்தான் முடியும். இதைத் திருத்த வேண்டும் என்று தமிழர்கள் குரல் கொடுப்பது நியாயமானதே.

எண்ணிலும் உண்டு. பைத்தானில் ‘௧௨’ என்ற சரத்தை முழு எண்ணாக மாற்றச் சொன்னால் 12 கிடைக்கும், ‘௰’ கொடுத்தால் பிழை. பத்தைக் குறிக்கும் அந்தக் குறி எண் மதிப்பு உள்ளது, ஆனால் இட மதிப்பு முறையின் இலக்கமல்ல.

அடுத்தது ‘சமம்’. ‘கொ’வை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ககரத்தோடு ஒகரக் குறி ஒன்றாக, அல்லது ஒற்றைக் கொம்பும் துணைக்காலும் தனித்தனியாக. ‘கொடி’ முதல் விதத்தில் 4 குறி, இரண்டாவதில் 5. திரையில் ஒரு வித்தியாசமும் தெரியாது. ஸ்விஃப்ட் இரண்டும் சமம் என்கிறது. பைத்தான், ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட், கோ எல்லாம் வேறு என்கின்றன. பழைய எழுத்துருக்களிலிருந்து மாற்றிய உரைகளில் இரண்டாம் விதம் ஏராளம். தேடல் பெட்டியில் ‘கொடி’ தட்டினால் பாதி முடிவுகள் வராமல் போவது இதனால்தான். சேமிக்கும்போதும் தேடும்போதும், முதல் விதம்போலச் சேர்த்து எழுதும் யூனிகோடின் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றினால் தீர்ந்தது. ஜாவாஸ்கிரிப்ட்டில் ‘நார்மலைஸ்’ என்று வெறுமனே அழைத்தாலே என்எஃப்சி கிடைக்கும். என்எஃப்சி தீர்க்காத ஒன்றும் உண்டு: ‘கௌரி’யும் ‘கெளரி’யும். முதலாவதில் ஔகாரக் குறி, இரண்டாவதில் ஒற்றைக் கொம்புக்குப் பின் உண்மையான ளகரம். யூனிகோடின் பார்வையில் இவை இரண்டு வேறு சொற்கள். தேடல் அட்டவணைக்கு மட்டுமாவது இதற்கென்று தனி விதி எழுதத்தான் வேண்டும். அதிலும் உண்மையிலேயே எகரமும் ளகரமும் அடுத்தடுத்து வரும் ‘வெளி’, ‘தெளிவு’ போன்ற சொற்களை விட்டுவிட வேண்டும்.

மீதியா, மட்டா

-7 % 3 எவ்வளவு? சி, ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட், கோ, ரஸ்ட், சி ஷார்ப் எல்லாம் -1 என்கின்றன. பைத்தானும் ரூபியும் 2 என்கின்றன. எல்லோரும் வாயால் சொல்வது ‘மாட்’. ஆனால் சி தரநிலையில் அதன் பெயர் ‘ரிமைண்டர்’, அதாவது மீதி. நம் பள்ளிக் கணக்கில் மீதி வேறு, மட்டு எண்கணிதம் வேறு என்று பெயரிலேயே பிரிந்திருக்கிறது. கடிகார முள்ளைப் பின்னால் நகர்த்தினால் 12-க்கு முன் 11 வருவது மட்டு.

வேறுபாடு வகுத்தலிலிருந்து வருகிறது. ஈவைப் பூச்சியத்தின் பக்கம் வெட்டினால் -7-ஐ 3-ஆல் வகுக்க -2, மீதி -1. ஈவைக் கீழ்ப்பக்கம் இறக்கினால் -3, மீதி 2. இரண்டிலும் ஈவு பெருக்கல் வகுஎண், கூட்டல் மீதி, அதே -7 வரும்.

வாரத்தின் 7 நாள்களுக்கு ஓர் அட்டவணை, இன்று இடம் 0, நேற்றைக்குப் போக வேண்டும். பைத்தானில் (0 - 1) % 7 என்றால் 6, சரி. இந்த வரியை ஜாவாவுக்குப் பெயர்த்தால் -1, எல்லை தாண்டிய பிழையோடு நிற்கும். ஜாவாஸ்கிரிப்ட்டில் பிழைகூட வராது, ‘அன்டிஃபைன்ட்’ என்ற வெற்று மதிப்பு அடுத்தடுத்த வரிகளுக்குக் கசிந்து போகும். சி-யில் யாருடைய நினைவகமோ வாசிக்கப்படும். ((அ % ஆ) + ஆ) % ஆ என்று எழுதினால் எல்லா மொழியிலும் மட்டு கிடைக்கும். ஜாவா 8 முதல் ‘ஃப்ளோர்மாட்’ தயாராகவே இருக்கிறது. ஒற்றைப்படையா என்று பார்க்க ‘% 2 == 1’ என்று எழுதாதீர்கள், ஜாவாவில் -3 ஒற்றைப்படை இல்லை என்று வரும். ‘% 2 != 0’ எங்கும் சரி. ஹாஸ்கெலும் காமன் லிஸ்ப்பும் ‘ரெம்’, ‘மாட்’ என்று இரண்டையும் தனித்தனிப் பெயரில் வைத்திருக்கின்றன. எல்லா மொழியும் அப்படிச் செய்திருக்கலாம்.

தமிழ்க் கலைச்சொற்களிலும் இந்த நெரிசல் இருக்கிறது. பள்ளிக் கணக்கில் ‘அணி’ என்றால் மேட்ரிக்ஸ், கணினிப் பாடத்தில் ‘அணி’ என்றால் அர்ரே. ‘செயலி’ சிலருக்கு பிராசஸர், செய்தித்தாள்களில் ஆப். மொழிபெயர்ப்பவர்கள் முதல்முறை வரும் இடத்திலேயே எதைச் சொல்கிறோம் என்று காட்டிவிடுவது நலம்.

ஒரே திரையில் இரண்டு ‘வேர்ட்’

1978-இல் வந்த இன்டெலின் 8086 ஒரு 16 பிட் சிப். அதனால் ‘வேர்ட்’ என்றால் 16 பிட். 80386 வந்து 32 பிட் ஆனபின்னும் பழைய நிரல்களுக்காகப் பெயர் மாறவில்லை; 32 பிட் ‘டபுள் வேர்ட்’ ஆனது. ஏஆர்எம்-இல் ‘வேர்ட்’ தொடக்கம் முதலே 32 பிட், 16 பிட்டுக்கு ‘ஹாஃப்வேர்ட்’. ஜிடிபி டீபக்கரில் நினைவகத்தைப் பார்க்கும்போது வேர்ட் அளவைக் கேட்டால் 4 பைட் காட்டும். அதே திரையில், அதே எக்ஸ்86 நிரலை இயந்திரக் கட்டளைகளாகப் பிரித்துக் காட்டும் வடிவத்தில் ‘மூவ்’ கட்டளையின் வாலில் நிற்கும் வேர்ட் குறி 2 பைட். க்னூ அசெம்பிளரின் ‘வேர்ட்’ ஆணை எக்ஸ்86-இல் 2 பைட், ஏஆர்எம்-இல் 4 பைட் எழுதும். அளவு முக்கியமானால் ‘2பைட்’, ‘4பைட்’ என்ற ஆணைகளையே பயன்படுத்துங்கள்.

‘லாங்’ இன்னும் மோசம். 64 பிட் லினக்ஸில் சி-யின் ‘லாங்’ 8 பைட், 64 பிட் விண்டோஸில் 4. ஜாவாவிலும் சி ஷார்ப்பிலும் எப்போதும் 8. பைத்தானின் எண்கணித நிரலகமான நம்பை இந்த ‘லாங்’கையே தன் இயல்பு முழு எண்ணாக வைத்திருந்ததால், 2024-இல் வந்த நம்பை 2.0 வரை விண்டோஸில் 1,00,000-ஐ அதே எண்ணால் பெருக்கினால், அர்ரேக்குள், 1,41,00,65,408 என்று வரும். 1,000 கோடி வர வேண்டிய இடத்தில் 141 கோடி. லினக்ஸில் சரியாக ஓடிய நிரல் அது. கோப்பிலோ வலையிலோ போகும் எண்ணுக்கு ‘இன்ட்64’ போல அளவு சொல்லும் வகையைத் தவிர வேறெதுவும் கூடாது.

சரத்திலிருந்து துண்டு வெட்டுவதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ‘சப்ஸ்டிரிங்’குக்கு 2, 5 கொடுத்தால் ஜாவா 3 குறி தரும், சி ஷார்ப் 5 தரும், முன்னதில் இரண்டாம் எண் முடிவிடம், பின்னதில் நீளம். ‘ஸ்லைஸ்’ பைத்தான் லிஸ்ட்டில் நகல், கோ மொழியில் அதே நினைவகத்தின் மேல் ஒரு சன்னல். 1, 2, 3, 4 உள்ள ஸ்லைஸில் முதல் இரண்டை வெட்டியெடுத்து அதோடு 99-ஐ ‘அப்பெண்ட்’ செய்தால் மூலம் 1, 2, 99, 4 ஆகிவிடும். வெட்டும்போது கொள்ளளவையும் மூன்றாவது எண்ணாகக் கொடுங்கள், அல்லது நகலெடுத்துவிடுங்கள். ‘மேட்ச்’ பைத்தானில் தொடக்கத்தை மட்டும் பார்க்கும், ஜாவாவின் ‘மேட்சஸ்’ சரம் முழுவதையும் பார்க்கும். நான்கு இலக்க ரகசிய எண்ணை (‘பின்’) சோதிக்க பைத்தானில் ‘மேட்ச்’ போட்டால் ‘1234அ’ தேறிவிடும், ‘ஃபுல்மேட்ச்’ வேண்டும். ‘ஃபங்க்டர்’ என்பதற்கு சி++, ஹாஸ்கெல், எம்எல், புரோலாக் நான்கிலும் நான்கு பொருள் உண்டு. ஆனால் அந்தச் சொல்லைக் கண்டதும் எல்லோரும் ஆவணத்தைத் திறப்பதால் சேதம் குறைவு.

ரிவர்ட்

சேதம் நிஜமாக நடப்பது, நிரலின் பதிப்புகளைச் சேமித்துவைக்கும் சப்வெர்ஷன், கிட், மெர்க்கியூரியல் போன்ற கருவிகளில்தான். சப்வெர்ஷனில் ‘ரிவர்ட்’ என்றால், இன்னும் கமிட் செய்யாத (சேமிப்பகத்தில் பதியாத) மாற்றங்களைத் தூக்கி எறிந்து கோப்பைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது. கிட்டில் ‘ரிவர்ட்’ என்றால், முன்பு செய்த ஒரு கமிட்டுக்கு நேர்மாறான புதிய கமிட்டை உருவாக்குவது. சப்வெர்ஷனின் ‘ரிவர்ட்’டுக்குக் கிட்டில் இணை, 2019-இல் 2.23 பதிப்போடு வந்த ‘ரிஸ்டோர்’. அதற்கு முன் ‘செக்அவுட்’ என்ற கட்டளையே அந்த வேலையையும் செய்தது. அந்த ‘செக்அவுட்’ சப்வெர்ஷனில் வேறு: அங்கே அது சேமிப்பகத்திலிருந்து முதன்முதலாகக் கோப்புகளை இறக்குவது, கிட்டின் ‘குளோன்’ போல. மெர்க்கியூரியலின் ‘ரிவர்ட்’ சப்வெர்ஷன் பக்கம் நிற்கிறது. கிட்டின் ‘ரிவர்ட்’டுக்கு அங்கே ‘பேக்அவுட்’ என்று பெயர். மெர்க்கியூரியலின் ‘புல்’ கிட்டின் ‘ஃபெட்ச்’சுக்குச் சமம்.

கிட்டில் பழகியவர் சப்வெர்ஷனில் ஒரு கமிட்டைத் திரும்பப் பெற நினைத்து ‘ரிவர்ட்’ தட்டினால், அந்தக் கமிட் அசையாது. கையில் இருந்த அரைகுறை வேலைதான் போகும். அங்கே கமிட்டைத் திரும்பப் பெற, ‘மெர்ஜ்’ கட்டளைக்கு அதன் எண்ணைக் கழித்தல் குறியோடு கொடுத்து, வந்த மாற்றத்தைப் புதிதாகக் கமிட் செய்ய வேண்டும். மெர்க்கியூரியல் ‘ரிவர்ட்’ செய்யும் முன் மாற்றிய கோப்பை ‘ஆரிஜ்’ என்ற வாலோடு ஒரு நகல் எடுத்துவைக்கிறது. சப்வெர்ஷன் ‘ரிவர்ட்’டும் கிட் ‘ரிஸ்டோர்’ரும் எதையும் எடுத்துவைப்பதில்லை. புதிய கருவியில் இந்தச் சொற்களில் எதைத் தட்டும் முன்னும், ‘டிஃப்’ வெளியீட்டை ஒரு கோப்பில் திருப்பிவிட்டுக்கொள்ளுங்கள். இந்த மூன்று கருவிகளிலும் ‘டிஃப்’புக்கு அதே பெயர், அதே வேலை, பிறகு ‘பேட்ச்’ கொடுத்தால் மாற்றங்கள் திரும்ப வந்துவிடும்.